ஹெவி மெட்டல் சிங்கிள் ஒன்றை வெளியிடுவது எப்படி? ரிஃப் முதல் ரிலீஸ் வரை

1990 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். அயர்ன் மெய்டன் குழு பிரிட்டனில் ஒரு சிங்கிளை, அதாவது தனியாக வெளியிடும் ஒரு பாட்டை, இறக்கியது. பெயர் 'பிரிங் யுவர் டாட்டர் டு தி ஸ்லாட்டர்'. பண்டிகை நேரத்தில் இப்படி ஒரு தலைப்பு இருந்தால் எந்த வானொலி தொடும்? பிபிசியும் கண்டுகொள்ளவில்லை. ஆனாலும் 1991 ஜனவரி முதல் வாரத்தில், கிளிஃப் ரிச்சர்டின் கிறிஸ்துமஸ் பாட்டைக் கீழே தள்ளிவிட்டு அது முதலிடத்துக்கு வந்தது.

சூட்சுமம் தேதியில் இருந்தது. பண்டிகை முடிந்த வாரத்தில் பொதுமக்கள் பாட்டு வாங்க மாட்டார்கள், மொத்த விற்பனையே படுத்துவிடும். மெட்டல் ரசிகனுக்கோ பண்டிகையும் ஒன்றுதான், மறுநாளும் ஒன்றுதான், வந்தால் வாங்குவான். போதாக்குறைக்கு ஒரே பாட்டைப் பல வடிவங்களில் விற்றார்கள், சிலர் இரண்டு மூன்று வாங்கினார்கள்.

நம் ஊர்க் குழுக்களைப் பார்த்தால் கதை தலைகீழ். கையிலிருக்கும் காசெல்லாம் ஸ்டுடியோவுக்குப் போய்விடும். எந்தப் பாட்டு, எந்தத் தேதி என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரு சாயங்காலம்கூட ஒதுக்க மாட்டார்கள். பதிவு செய்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கும் மிக்ஸ் வேலை செவ்வாய்க்கிழமை முடியும், புதன்கிழமை ஏற்றுவார்கள், வெள்ளிக்கிழமை வந்தாக வேண்டும் என்பார்கள். காசில்லாத குழுவிடம் தாராளமாக இருக்கும் ஒரே சொத்து நேரம்தான், அதையே வீணடிக்கிறோம். அதனால் இந்த வழிகாட்டி பாட்டு முடிந்த நாளிலிருந்து எட்டு வாரம் கணக்குப் போடுகிறது.

படி 1: எந்தப் பாட்டு?

குழுவுக்கு மிகவும் பிடித்த பாட்டைச் சிங்கிளாக்காதீர்கள். பெரும்பாலும் அது வாசிக்கக் கடினமான பாட்டாக இருக்கும். உங்களுக்குப் பெருமை, கேட்பவருக்குக் கொட்டாவி.

மெட்டாலிகாவின் 1991 ஆல்பத்தைத் தயாரித்த பாப் ராக், முதல் சிங்கிளாக 'ஹோலியர் தேன் தௌ' பாட்டைத்தான் நினைத்திருந்தார். ட்ரம்மர் லார்ஸ் உல்ரிக் 'என்டர் சாண்ட்மேன்'தான் வேண்டும் என்று நின்றார். அந்தப் பாட்டின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, கிட்டாரிஸ்ட் கிர்க் ஹாமெட்டுடையது. முதல் துண்டையே மூன்று முறை திருப்பி வாசித்துவிட்டு, வாலைக் கடைசியில் மட்டும் வை என்று யோசனை சொன்னவர் லார்ஸ். கிட்டாரே வாசிக்காத ஆள் சொன்ன திருத்தம் அது! ரிஃபைச் சிக்கலாக்குவதற்குப் பதில் எளிதாக்கினார். 1991 ஜூலை 29இல் சிங்கிள் வந்தது, இரண்டு வாரம் கழித்து ஆகஸ்ட் 12இல் ஆல்பம். அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே ஆல்பம் முதலிடம்.

இன்னொரு பக்கம் பிளாக் சப்பத் குழுவின் 'பாரனாய்ட்' இருக்கிறது. 1970இல் ஆல்பத்துக்கு இன்னும் கொஞ்சம் நீளம் வேண்டும் என்று கடைசி நேரத்தில் அவசரமாகப் போட்ட பாட்டு அது. மூன்று நிமிடம்கூட வராது. அதுதான் பிரிட்டன் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது. 'வார் பிக்ஸ்' என்று வைக்க இருந்த ஆல்பத்தின் பெயரே 'பாரனாய்ட்' என்று மாறியது.

எப்படிச் சோதிப்பது? கையிலிருக்கும் நான்கைந்து பாட்டுகளைச் செல்போனிலேயே பதிவு செய்து, குழுவில் இல்லாத பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். அதில் பாதிப் பேர் மெட்டல் கேட்காதவர்களாக இருக்கட்டும். பிடித்ததா என்று கேட்காதீர்கள், நண்பர்கள் பொய் சொல்வார்கள். மறுநாள் போன் செய்து "எந்த ரிஃப் ஞாபகம் இருக்கு, வாயால போட்டுக் காட்டு" என்று கேளுங்கள். டட்-டட்-டடட்டா என்று எது திரும்பி வருகிறதோ, அதுதான் சிங்கிள்.

ஸ்ட்ரீமிங்கில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. ஒரு நிமிடம் காற்றும் மணியோசையும் ஓட விட்டுப் பிறகு கிட்டார் நுழைவது ஆல்பத்தில் அழகு. சிங்கிளில் அதை வெட்டி, நீளமான வடிவத்தை ஆல்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வரிகளும் பங்கும்

'என்டர் சாண்ட்மேன்' அந்த ஆல்பத்துக்கு ஆரம்பத்திலேயே இசை எழுதப்பட்ட பாட்டு. வரிகளோ கடைசியில்தான் முடிந்தன. மெட்டாலிகாவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு முதலில் எழுதியது தொட்டிலில் திடீரென்று இறந்துபோகும் குழந்தையைப் பற்றி. இதைவிட நன்றாக எழுத உன்னால் முடியும் என்று ராக்கும் லார்ஸும் திருப்பி அனுப்பினார்கள். அவரும் கோபித்துக்கொண்டே மாற்றி எழுதினார். உங்கள் குழுவில் பாடகரிடம் அப்படிச் சொல்ல ஒருவராவது இருக்கிறாரா?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. தொண்டையிலிருந்து உறுமிப் பாடும் க்ரௌல் குரலில் வல்லினம் அற்புதமாக விழும். சொல் நடுவே வரும் க்க, ட்ட, த்த, ற்ற எல்லாம் ஸ்னேர் ட்ரம் அடி மாதிரி. நீட்டிக் கத்த வேண்டிய இடத்தில் ஆ, ஓ போன்ற நெடிலில் முடியும் சொல்லை வையுங்கள். ழகரம் மட்டும் கரகரப்பில் கரைந்துவிடும், பல்லவியின் முக்கியச் சொல்லை அதை நம்பி வைக்காதீர்கள்.

வரிகள் முடிந்த அன்றே யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நட்புக்குள் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். பாட்டு ஓடாத வரைக்கும் சண்டை வராது என்பது உண்மைதான், ஆனால் ஓட வேண்டும் என்றுதானே வெளியிடுகிறோம். இந்தியாவில் இருப்பவர்கள் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்யலாம். சிங்கப்பூரில் காம்பஸ், மலேசியாவில் எம்.ஏ.சி.பி. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேர வேண்டிய ராயல்டி இந்த வழியாகத்தான் வரும். ஸ்ட்ரீமிங்கில் ஒலிப்பதிவுக்கு வரும் பணம் வேறு, இது வேறு.

படி 3: பதிவு

பிளாக் சப்பத் கிட்டாரிஸ்ட் டோனி அயோமிக்கு 17 வயதில் பர்மிங்காம் தகடு ஆலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடதுகைக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய கம்பி போட்டார், 1971 ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குச் சுருதியை ஒன்றரை ஸ்வரம் இறக்கினார். கம்பி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும். மெட்டலின் கனத்த ஒலி பெருகியதில் இந்தக் காயத்துக்கும் பங்கு உண்டு.

நாம் காயமில்லாமலே இறக்குகிறோம், ஆனால் கம்பியை மாற்ற மறந்துவிடுகிறோம். சாதாரண கிட்டாரில் மெல்லிய 9 கேஜ் கம்பியோடு ட்ராப் சி என்ற தாழ்ந்த சுருதி வைத்தால் கம்பி கயிறு மாதிரி ஆடும், ஒவ்வொரு அடியிலும் சுருதி விலகும். தடித்த 11 அல்லது 12 கேஜ் போட்டு, கிட்டார் கழுத்து முழுக்கச் சுருதி சரியாக நிற்கிறதா என்ற இன்டோனேஷனைச் சரிபார்த்துவிட்டு ஸ்டுடியோவுக்குப் போங்கள். இதை ஸ்டுடியோவில் போய்ச் செய்தால் மணிக்கணக்கில் காசு ஓடும்.

ரிதம் கிட்டாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழுக்க இடது பக்கமும் மற்றதை முழுக்க வலது பக்கமும் வைப்பது பழைய வழக்கம், இன்றும் அதுதான் சரி. ஒரே பதிவை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் கிடைக்காது, சத்தம் மட்டும்தான் கூடும். இரண்டு வாசிப்புக்கும் உள்ள நூலிழை வித்தியாசம்தான் அந்தச் சுவரைக் கட்டுகிறது. கிட்டாருக்குக் கரகரப்புத் தரும் டிஸ்டார்ஷனை மேடையில் வைப்பதைவிடக் குறைவாக வையுங்கள். தனித்தனியாகப் பதிவான தடங்கள் சேரும்போது கனம் தானாக வந்துவிடும்.

தாளத்தை டிக் டிக் என்று எண்ணிக் காட்டும் கிளிக் ட்ராக்கோடு வாசிக்கத் தெரியாத ட்ரம்மர் இருந்தால், பதிவுக்கு ஒரு மாதம் முன்பே அவரிடம் மெட்ரோனோமைக் கொடுங்கள். இரண்டு காலாலும் கிக் ட்ரம்மை அடிக்கும் டபுள் பேஸ் ஓடும் இடங்களில் வேகம் தன்னால் ஏறும். எல்லோருக்கும் ஏறும்.

பேஸ் கிட்டாரை மறக்காதீர்கள். மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் கிட்டத்தட்ட கேட்கவே கேட்காது. 'ஒன்' பாட்டு அதில் வந்ததுதான். பேஸைக் குறைக்கச் சொன்னது லார்ஸ்தான் என்று மிக்ஸ் செய்த ஸ்டீவ் தாம்சன் பிற்பாடு பேட்டிகளில் சொன்னார். அந்தக் குழு பெரிய குழு, தப்பித்துக்கொண்டது. நாம் அப்படிச் செய்தால் செல்போனில் கேட்பவருக்குத் தேனீக் கூட்டம் பறப்பது போலத்தான் கேட்கும்.

விளைவு ஒலிகளுக்குச் செலவு செய்யாதீர்கள். 1980இல் ஜூடாஸ் ப்ரீஸ்ட் 'பிரேக்கிங் தி லா' பதிவு செய்தபோது கணினியில் சேமித்த ஒலிகள் அவர்களிடம் கிடையாது. கண்ணாடி உடையும் சத்தத்துக்குப் பால் பாட்டில்களை உடைத்தார்கள், போலீஸ் சைரனைக் கிட்டாரில் வாசித்தார்கள்.

படி 4: மிக்ஸும் மாஸ்டரும்

மிக்ஸை அறிந்தவரிடம் கொடுங்கள், ஆனால் நீங்களும் மூன்று விஷயம் கேளுங்கள். கிட்டார் தடங்களில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டியிருக்கிறாரா? அந்த இடம் பேஸுக்கும் கிக் ட்ரம்முக்கும் சொந்தம். கிக்கின் 'டக்' என்ற நுனி 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் கேட்கிறதா? இல்லையென்றால் டபுள் பேஸ் வெறும் இடிமுழக்கமாகிவிடும். மூன்றாவது, பல்லவி வரும்போது ஏதாவது திறக்கிறதா? தொடக்கத்திலிருந்தே எல்லாம் உச்சத்தில் இருந்தால் பல்லவி போக இடமில்லை.

மாஸ்டரிங்கில், அதாவது மிக்ஸ் முடிந்த பாட்டைக் கடைசியாக மெருகேற்றும் வேலையில், 2008ஐ நினைவில் வையுங்கள். மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் சத்தத்தை இறுக்கி இறுக்கி, ஒலியே கிழிந்து வந்தது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டுக்கும் வந்தன, அங்கே தடங்கள் தனித்தனியாகப் போனதால் அந்த இறுக்கம் இல்லை. விளையாட்டில் கேட்பது கடையில் வாங்கியதைவிட நன்றாக இருக்கிறது என்று ரசிகர்கள் கண்டுபிடித்து, மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி மனு போட்டார்கள். தன்னிடம் வரும்போதே எல்லாம் நசுங்கித்தான் வந்தது என்றார் மாஸ்டர் செய்த டெட் ஜென்சன்.

இன்றைக்கு இந்தச் சத்தப் போட்டிக்கு அர்த்தமும் இல்லை. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. நீங்கள் மைனஸ் 6இல் நசுக்கிக் கொடுத்தால் அது 8 டெசிபல் குறைக்கும், நசுங்கியது நசுங்கியபடியே இருக்கும். அதற்காக மெட்டலை மைனஸ் 14இலேயே கொடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், அந்த அளவில் கிட்டார் பல்லில்லாமல் போகும். என் காதுக்கு மைனஸ் 9, 10 பக்கம் சரியாக இருக்கிறது. உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 24 பிட் வேவ் கோப்பாக வாங்குங்கள், எம்பி3 வேண்டாம்.

படி 5: அட்டைப்படம்

மெட்டலில் அட்டைப்படம் பாதிப் பாட்டு. 1980இல் அயர்ன் மெய்டனின் 'சாங்க்சுவரி' சிங்கிள் அட்டையில், அவர்களுடைய பூத பொம்மை எடி கத்தியோடு நிற்கும், கீழே பிரதமர் மார்கரெட் தாட்சர் கிடப்பார். அவர் கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை வைத்தார்கள், பேச்சு அதிலேயே பரவியது. வரைந்த டெரெக் ரிக்ஸ் அடுத்த ஆண்டு 'பர்கடரி' சிங்கிளுக்கு ஒரு படம் கொடுத்தார். இது சிங்கிளுக்குப் போடுகிற படமில்லை என்று மேலாளர் ராட் ஸ்மால்வுட் எடுத்துப் பத்திரமாக வைத்தார். அதுதான் 1982இல் 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' ஆல்பத்தின் அட்டை. நல்ல படத்தை எங்கே செலவழிப்பது என்பதும் ஒரு கணக்கு.

கணக்கு தப்பியதற்கும் உதாரணம் உண்டு. 'பாரனாய்ட்' ஆல்பத்தில் வாளும் கேடயமும் ஏந்தி ஒரு ஆள் பாய்கிறான். தலைப்புக்கும் அவனுக்கும் சம்பந்தமே கிடையாது. பெயர் மாறியது, படம் மாறவில்லை, அவ்வளவுதான்.

பணமில்லை என்றால் மோட்டார்ஹெட் குழுவைப் பாருங்கள். 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' அட்டையில் மூன்று பேரும் அமெரிக்கப் பாலைவனத்தில் நிற்பது போல இருக்கும். லண்டனுக்கு வடக்கே பார்னெட் பக்கம் ஒரு மணல் குவாரி அது.

அளவு 3,000க்கு 3,000 பிக்சல், சதுரம். இணைய முகவரி, போன் எண், கடைகளின் சின்னம் எதுவும் படத்தில் இருக்கக் கூடாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். முடிந்ததும் செல்போனில் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஆலமர வேர் மாதிரி பின்னிய லோகோ உங்களுக்கு அழகுதான், ஆனால் அந்த அளவில் கறை மாதிரி தெரிந்தால் பெயரைச் சாதாரண எழுத்தில் ஓரமாகப் போட்டுவிடுங்கள்.

படி 6: ஏற்றுவது

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவை உங்களிடமிருந்து நேராகப் பாட்டு வாங்காது. டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர், சிடி பேபி போல ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் வேண்டும். சிலர் ஆண்டுச் சந்தா வாங்குவார்கள், சிலர் பாட்டுக்கு ஒரு முறை. வருடத்துக்கு ஒரு சிங்கிள்தான் என்றால் ஒரு முறை கட்டணமே லாபம். சந்தாவை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடுமா என்பதை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு உண்டு. டிஸ்ட்ரிப்யூட்டரே கொடுப்பார். அதை எழுதி வையுங்கள், இதே பதிவை நாளைக்கு ஆல்பத்தில் சேர்க்கும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் கேட்ட கணக்கு ஒன்றாகச் சேரும். புது எண் போட்டால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

குழுவின் பெயரை ஏற்றுவதற்கு முன்பே எல்லாத் தளங்களிலும் தேடுங்கள். என் நண்பர்கள் குழு ஒன்றில் நான் கூடமாட வேலை செய்த காலத்தில் இதைச் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் எங்கள் பாட்டு, அதே பெயரில் வேறு நாட்டில் இருக்கும் ஒரு நடன இசைக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவருடைய ரசிகர்கள் என்ன நினைத்தார்களோ. டிஸ்ட்ரிப்யூட்டருக்கு மின்னஞ்சல் போட்டுச் சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது. முதல் வாரமே போயிற்று.

வரிகளில் கெட்ட வார்த்தை இருந்தால் அதற்கான பெட்டியில் டிக் போடுங்கள். மறைக்கப் பார்த்தால் பின்னால் இறக்கிவிடுவார்கள்.

படி 7: தேதி

2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்கப் புதுப் பாட்டுக்கு வெள்ளிக்கிழமைதான் நாள். அதற்கு முன் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய். வெள்ளியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் எந்த வெள்ளி என்று யோசியுங்கள். பெரிய நடிகர் படத்தின் பாட்டு வரும் நாள், தீபாவளி, பொங்கல் வாரங்கள் பொதுவாக வேண்டாம். மெய்டன் செய்தது போலப் பண்டிகைக்கு அடுத்த சோம்பல் வாரம் கிடைத்தால் விடாதீர்கள்.

நாள் குறித்ததும் பின்னாலிருந்து எண்ணுங்கள். நான்கு வாரம் முன்பு பாட்டும் படமும் டிஸ்ட்ரிப்யூட்டரிடம் இருக்க வேண்டும். அப்புறம் ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கத்தில் புகுந்து ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை அறிமுகம் செய்து எழுதலாம். குறைந்தது ஏழு நாள் முன்பே எழுதினால், ப்ளேலிஸ்டில் எடுக்காவிட்டாலும் உங்களைப் பின்தொடர்பவர்களின் வாராந்தரப் பட்டியலில் பாட்டு தானாகச் சேரும். எழுத 500 எழுத்துதான் இடம். 'எங்கள் கனவு, எங்கள் பயணம்' என்று நிரப்பாதீர்கள். என்ன வகை, எந்த மொழி, எந்த ஊர், எங்கே வாசித்திருக்கிறீர்கள், போதும். மூன்று வாரம் முன்பு மெட்டல் பற்றி எழுதுகிறவர்களுக்கும் பேசுகிறவர்களுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள், நூறு பேரை ஒரே மின்னஞ்சலில் கோக்காதீர்கள். கடைசிப் பத்து நாளில் பதினைந்து விநாடித் துண்டுகள். ரிஃபை மட்டும் காட்டுங்கள், பல்லவியை ஒளித்து வையுங்கள்.

படி 8: வீடியோ

கட்டாயமில்லை, ஆனால் இருந்தால் நல்லது. டெல்லியைச் சேர்ந்த ப்ளடிவுட் குழு முழுச் சொந்த ஆல்பம் வருவதற்கு முன்பே, யூட்யூபில் விட்ட பாட்டுகளைக் கொண்டே 2019இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் இசைத் திருவிழா மேடை வரை போனது. ஆல்பம் வந்தது 2022இல்தான். பெரிய செலவு முடியாவிட்டால் ஜாம் ரூமில் ஒரே விளக்கு, ஒரே கேமரா, முழு ஆவேசம் என்று எடுங்கள். கூலிக்கு அமர்த்திய கல்லறை செட்டைவிட அது நம்பும்படி இருக்கும்.

படி 9: வெளியான பிறகு

அன்றைக்குக் காலை எல்லா இணைப்பும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, வந்த ஒவ்வொரு கருத்துக்கும் பதில் போடுங்கள். ரசிகர்களுக்கு நேராகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்திலும் பாட்டை வையுங்கள். அது டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம்தான் எடுக்கும், 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாட்களில் அதையும் எடுப்பதில்லை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 முறையாவது ஒலித்திருந்தால்தான் பணமே உண்டு. சின்னக் குழுவுக்குப் பத்து டி-ஷர்ட் விற்பது அதைவிடப் பெரிய வருமானம். வெளியான இரண்டு வாரத்துக்குள் ஒரு நிகழ்ச்சி ஏற்பாடு செய்துகொண்டால் டி-ஷர்ட் மேசையும் அங்கேயே போடலாம்.

கடைசியாக ஒரு அலுப்பான வேலை. ட்ரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் என்று ஒவ்வொரு தடத்தையும் தனித்தனிக் கோப்பாக ஸ்டுடியோவிடமிருந்து வாங்கி, இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, இரண்டு பேர் வீட்டில் வையுங்கள். ஆல்பம் வரும்போது மறுபடி மிக்ஸ் செய்யத் தோன்றும். இல்லையென்றால் 2008இல் நடந்தது போல, ரசிகர்களே வந்து கேட்பார்கள்.